கேதம் சொல்லி விடாத தங்கச்சிக்கு

பசுவந்தனை,
மாசி மாதம்.

உடன்பிறந்த தங்கச்சி வெயிலம்மாளுக்கு அண்ணன் சாமித்துரை வாயால் சொல்ல, பசுவந்தனை ஜெராக்ஸ் கடை வேணுகோபால் கையால் எழுதும் கடுதாசி. மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. மறந்துபோய் அல்ல, சாவு வீட்டுக்கு எழுதுகிற கடுதாசிக்குச் சுழி போடக் கூடாது என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். நீ நலமா என்று கேட்க நாக்கு எழவில்லை. நான் நலம் என்று சொன்னால் அது பொய். வேணுகோபால் கைப் பழக்கத்தில் 'நலம்' என்று பாதி எழுதிவிட்டு அடித்திருக்கிறான், அந்த அடித்தலைப் பார்த்து வேறு எதுவும் நினைக்காதே.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காற்றில் நம் வீட்டுக் கூரை எழும்பிப் போய்ப் பருத்திக் காட்டில் உட்கார்ந்தது. அதற்கு அடுத்தாற்போல் இந்தி வேண்டாம் என்று காலேஜ் பையன்கள் ரயிலை மறித்தார்கள். அந்தக் கோடையில்தான் அய்யா நம் மேலக்காட்டில் கிணறு வெட்டினார். வெட்டியது ஐந்து பேர். நான், ஆறுமுகசாமி, மகாராஜா, பெரியமாடன், அப்புறம் புதூரில் இருந்து வந்த நம் மாமன் மகன் ராமலிங்கம். அப்போது அவன் உனக்குப் புருஷன் இல்லை, எங்கள் எல்லோருக்கும் வெறும் லிங்கு. கரிசல் மண் ஆள் உயரத்துக்குப் போய், அதற்குக் கீழே சுக்காம்பாறை வந்து, அதற்கும் கீழே கடப்பாரையைப் போட்டால் நெருப்புப் பறக்கிற பாறை வந்து, 'இதுல தண்ணி வந்தா நான் மீச எடுத்துருதேன்' என்று ஊரே சொன்ன பிறகு, வடக்கு மூலையில் ஒரு குத்தில் ஊத்துத் திறந்து எங்கள் ஐந்து பேர் முகத்திலும் அடித்தது. நீ கஞ்சிக் கலயத்தோடு மேட்டில் நின்றுகொண்டு கத்தினாய். சின்னப் பிள்ளை, பயந்திருப்பாய். அந்தக் குத்து என் கடப்பாரைக் குத்து. ஆனால் உன் புருஷன், உன் மகன் திருப்பூரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சின அன்றைக்கு, சம்பந்தகாரர்கள் நிறைந்த பந்தியில், வாய் நிறைய லட்டை வைத்துக்கொண்டு, 'ஊத்தத் தொறந்தவன் நாந்தான், சாமித்துர அப்பம் மேல ஏறிப் பீடி குடிச்சிக்கிட்டு இருந்தான்' என்று சொன்னான். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். 'இனி உன் வீட்டு வாசல மிதிச்சா என்னச் செருப்பால அடி' என்று அவன் சொன்னான், 'நானும் அப்படித்தான்' என்று நானும் சொன்னேன். மூன்று வருஷமாக இரண்டு பேரும் பேசவில்லை. இது உனக்குத் தெரிந்த கதை. ஆனாலும், தங்கச்சி, ஊத்துக்காகப் போட்ட சண்டை வேறு, உயிர் போன காரியம் வேறு. அந்தக் கேதத்தைக் கூடவா ஆள் விட்டு எனக்குச் சொல்லக் கூடாது?

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். என் மருமகள் காளீஸ்வரியை உனக்குத் தெரியும், சக்திகுமார் பெண்டாட்டி. அவனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். இவள் வீட்டில் இருந்தபடியே மெட்ராஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர்களுக்குச் சீக்கு வந்தால் இவள் இங்கேயிருந்தே வைத்தியம் பார்ப்பாளாம். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருப்பாள், எதிராளி பேசுவது நமக்குக் கேட்காது. இன்றைக்குக் காலையில், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்தி வைத்ததே அந்த மார்கழி மழை, அதில் அழுகினது போக மிஞ்சின மிளகாயை அவள் ஜன்னலுக்கு வெளியே காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சத்தம். "ஆமா சார், லிங்கு டெட்டு. நாம்பாத்துட்டேன். நேத்து அப்டேட் போட்டதுலதான் போயிருச்சு."

கையில் இருந்த மிளகாயை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது இன்னொரு கொடுமை. அரை நாழிகை கண்ணே திறக்கவில்லை. ஆனால் காது திறந்துதான் இருந்தது. "லைப்ரரிக்குப் போற பாதையே தப்பு சார். லிங்கு பாட்டுக்கு அங்கன போயித் தேடுது, அங்க ஒண்ணுமே இல்ல, அப்படியே எல்லாம் விழுந்துருச்சு" என்கிறாள். எனக்கு உன் திருப்பூர்த் தெரு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உன் புருஷன் நாலு எழுத்து படித்தவன் என்ற திமிரில் தினம் பேப்பர் பார்க்க லைப்ரரிக்குப் போகிறவன்தானே. அந்த லைப்ரரிக்குப் பின்னால் யாரோ வீடு கட்டுகிறவர்கள் புதிதாகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்ததைப் பால் காய்ச்சுக்கு வந்தபோது நானே எட்டிப் பார்த்தேன், சுற்றி ஒரு கல் கூட வைக்கவில்லை. நான் நினைத்து முடிப்பதற்குள் அவளே சொல்கிறாள், "கெர்னல் புதுசு சார்" என்று. கெர்னல் என்றாளோ, கெணறு என்றாளோ, மெட்ராஸ்காரனோடு பேசும்போது அவள் எல்லாச் சொல்லையும் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவாள். அடுத்தாற்போல் சொன்னாள் பார் ஒன்று. "அந்தக் கெர்னலுக்குள்ள ஹெட்டரையே காணோம்."

ஹெட்டு என்றால் தலை என்று எனக்குத் தெரியாதா? ஹெட்லைட்டு, ஹெட் கான்ஸ்டபிள், ஹெட்மாஸ்டர், எத்தனை தலையைப் பார்த்தாயிற்று. படிக்காதவன் என்றால் தலைகூடத் தெரியாதவனா? கிணறு வெட்டியே வளர்ந்த பயல் கிணற்றில் விழுந்தான் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை, அதில் தலையையும் காணோம் என்றால்! ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. லிங்கு போய்ட்டாவ என்று சொல்லாமல் போயிருச்சு என்கிறாளே, மாமன் முறை ஆயிற்றே, மரியாதை தெரிந்த பிள்ளை ஆயிற்றே என்று யோசித்தேன். யோசித்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. உயிர் இருக்கிறவரைதான் அவரு, இவரு. மூச்சு நின்றுவிட்டால் எவ்வளவு பெரிய மனுஷனையும் 'அது வந்துட்டா, எப்ப எடுக்கீங்க' என்றுதானே கேட்கிறோம்.

உடனே உன் புருஷன் நம்பருக்குப் போட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. ஒரு பொம்பளை வந்து, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியாது என்று இரண்டு பாஷையில் சொன்னாள். திரும்பப் போட்டேன், திரும்பவும் அதையே சொன்னாள். 'ஏம்மா, ஏன் முடியாது, அத மட்டும் சொல்லு' என்று கேட்டேன். அவளுக்குக் கூடச் சொல்ல மனம் வரவில்லை.

மருமகளிடம் நேராகக் கேட்டால் என்ன என்று நீ நினைக்கலாம். எனக்கு நெஞ்சுக்குள் சுருள் கம்பி வைத்திருக்கிறது. அதிர்ச்சியான சமாச்சாரம் எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் இருந்து வீட்டில் டி.வி. நியூஸ் கூடச் சத்தம் குறைத்துத்தான் ஓடுகிறது. எனக்காகத்தான் அவள் மறைக்கிறாள், அவள் மறைப்பது எனக்குத் தெரிந்தால் அவளுக்குக் கஷ்டம் என்று நானும் மறைத்தேன். மத்தியானம் சோறு வைத்துவிட்டு, ஒரு கையால் தட்டிக்கொண்டே மறுபடியும் பேச ஆரம்பித்தாள். "வெளிய இருந்து கை வைக்க முடியாது சார். ரெஸ்க்யூ போட்டு உள்ள எறங்கித்தான் எடுக்கணும்." தீயணைப்பு வண்டி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அப்புறம் ஒன்று சொன்னாள். வேணுகோபால் இதை எழுத மாட்டேன் என்கிறான், நான் எழுதச் சொல்கிறேன். "ப்ரியதர்ஷினி ஹெட்டர வாங்கி வச்சுப் பாத்துட்டேன் சார், மேட்ச் ஆகல." கோவில்பட்டிப் பக்கத்தில் மேட்ச் என்றால் தீப்பெட்டி. ஆனால் ஜாதகம் பார்க்கிறவர்கள் வாயிலும் அந்தச் சொல் வரும், ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். ப்ரியதர்ஷினி யார் பெற்ற பிள்ளையோ! அந்தப் பிள்ளையின் தலையை எதற்காக வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள், அதை உன் புருஷன் கழுத்தில் வைத்து வேறு பார்த்திருக்கிறார்கள், எந்தக் காலத்தில் இருக்கிறோம் நாம்? ரசத்தை ஊற்றிய சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

"ஏந்தாயி, அந்த லிங்கு விஷயம்..." என்று இழுத்தேன்.

அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"காதுல விழுந்துச்சு. நெசந்தானா?"

"அத ஏன் கேக்குதீங்க! காலைலருந்து அதோடதான் மல்லுக்கு நிக்குதேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க மாமா. சாயந்தரத்துக்குள்ள வேற லிங்கு போட்டுருவேன்."

"வேற லிங்கா?"

"ஆமா. பழசத் தூக்கிப் போட்டுட்டு அதே பேருல புதுசு வச்சாப் போதும். பேரு ஒண்ணா இருந்தா யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாவ."

"வீட்டுல உள்ளவிய கூடவா?"

"யாருமே மாமா. இதுக்கு முந்தியும் ரெண்டு தடவ மாத்திருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தங்கச்சி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சுருள் கம்பி உள்ளே கிணுகிணு என்றது. இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள்! அப்படியானால் உன் மகன் வீட்டுப் பால் காய்ச்சில் என்னோடு சண்டை போட்டது எந்த லிங்கு? நான் மூன்று வருஷமாகப் பேசாமல் இருப்பது எந்த லிங்கோடு? உனக்குத் தாலி கட்டினவன் எந்த மாசத்தில் எந்தத் தெருவில் மாறிப்போனான்? பென்ஷன் வாங்க ஆள் மாறாட்டம் செய்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நம் வீட்டு மருமகள், கோயில் பூசைக்குக் கூட வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற பிள்ளை, சாயங்காலத்துக்குள் உனக்கு ஒரு புதுப் புருஷனை அனுப்பி வைக்கிறேன் என்று எதுவும் நடக்காதது போல் சொல்லிவிட்டு மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிறாள். ஆகையால் உன்னை எச்சரிக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலமோ நாளைக் காலையோ ராமலிங்கம் என்று பேர் சொல்லிக்கொண்டு யாராவது உன் வீட்டுக்கு வந்தால் உள்ளே விடாதே. முதலில் ஊத்தைத் திறந்தது யார் என்று கேள். சாமித்துரை என்று சொன்னால் அவன் போலி. உண்மையான லிங்கு உயிர் போனாலும் அப்படிச் சொல்ல மாட்டான். உயிரும்தான் போய்விட்டதே.

மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மினி பஸ் ஏறிப் பசுவந்தனைக்கு வந்தேன். புருஷன் போனால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை முதலில் வர வேண்டும், அண்ணன் கையால் வர வேண்டும். நீ எனக்குக் கேதம் சொல்லி விட்டாயோ இல்லையோ, என் கடமையில் நான் குறை வைக்க மாட்டேன். ஜவுளிக் கடை சங்கரபாண்டியன் பழக்கத்தில் பட்டுச் சேலையை விரித்தான்.

"அண்ணாச்சி, வெள்ளச் சேல எடுங்க."

"யாருக்கு அண்ணாச்சி?"

"தங்கச்சிக்கு."

அவன் கையில் இருந்த முழக்கோல் கீழே விழுந்தது. "அடப் பாவத்த! லிங்கு அண்ணாச்சியா? எப்படி?"

"கெணத்துல விழுந்துட்டான். தலயக் காணோம்."

"தலயக் காணோமா! அப்பம் போலீசு கேசுல்லா?"

"எம் மருமவ தேடிக்கிட்டு இருக்கா. கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்லயா?"

"இப்பல்லாம் எல்லாம் அதுலதான அண்ணாச்சி கெடைக்குது."

அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். தன் தலை இருக்கிறதா என்று ஒரு தடவை தடவியும் பார்த்துக்கொண்டான். கடையில் நின்ற பெண்கள் நான்கு பேர் சேலையை வைத்துவிட்டு வாயில் முந்தானையை வைத்தார்கள். நான் கடைப் படி இறங்குவதற்குள் சமாச்சாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

அங்கிருந்து நேராக இந்த வேணுகோபால் கடைக்கு வந்தேன். கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும். போட்டோ ஒன்றுதான் கிடைத்தது, அந்தப் பால் காய்ச்சில் சக்திகுமார் போனில் எடுத்து எனக்கு அனுப்பினது, வாய் நிறைய லட்டோடு இருப்பது. வேணுகோபால் லட்டை அழித்து வாயை மூடினான். மூடின வாய் உன் புருஷனுக்குப் பொருந்தவில்லை, யாரோ சாந்தமான ஆள் மாதிரி இருக்கிறது. வயசு எழுபத்தாறு என்று சொன்னேன், அழுகையில் அவன் காதில் எண்பத்தாறு என்று விழுந்திருக்கிறது, அடித்து முடித்த பிறகுதான் பார்த்துச் சொன்னார்கள். கீழே ஒரு வரி வேண்டும் என்றேன். அவனே இட்டுக்கட்டி, 'கிணறு வெட்டிய கைகளே, கிணறு உம்மை வெட்டியதே' என்று போட்டிருக்கிறான். படித்துக் காட்டும்போது அவனே 'ஏமி இதி, ஏமி இதி' என்று தெலுங்கில் அழ ஆரம்பித்துவிட்டான். அவனை நான் தேற்ற வேண்டியதாயிற்று. பஸ் ஸ்டாண்டிலும் தீப்பெட்டி ஆபீஸ் சுவரிலும் ஒட்டியாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கோடி தயாராக மடியில் இருக்கிறது. ஆனால் ஆள் விட்டுக் கேதம் சொல்லாத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்? கூப்பிடாமலே வந்து நிற்கிறான் பார் என்று உன் சம்பந்தகாரர்கள் சொல்லுவார்கள். சண்டை போட்டுவிட்டு வந்த வீடு வேறு. ஒரே ஒரு ஆள், வேலைக்காரப் பையனாக இருந்தாலும் சரி, இங்கே வந்து வாசலில் நின்று 'உங்க மச்சான் தவறிட்டாவ' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் அந்த நிமிஷமே பஸ் ஏறிவிடுவேன். அதுவரைக்கும் எடுத்துவிடாதே. தலை கிடைக்கிற வரைக்கும் எப்படியும் எடுக்க முடியாது, ஆகவே நேரம் இருக்கிறது. ப்ரியதர்ஷினியின் தலையை அவளிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்.

இன்னொன்று. இதை அவன் காதில் போய்ச் சொல், காது இருந்தால். நான் பந்தியில் இருந்து எழுந்து வந்தது சரிதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் செத்தவனோடு வழக்கு நடத்துகிறவன் நான் இல்லை. கோடி உனக்கு. அவனுக்கு நான் என்ன கொண்டுவருவது? ஊத்தையே கொடுத்துவிடுகிறேன். வடக்கு மூலைக் குத்து அவன் குத்து. ஊத்தைத் திறந்தது ராமலிங்கம் என்றே இருக்கட்டும். வேணுகோபால், இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. இனிமேல் மறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஆறுமுகசாமி பாம்பு தீண்டிப் போனான். மகாராஜா பம்பாய்க்குப் போய் அங்கேயே போனான். பெரியமாடன் வெயிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இப்போது உன் புருஷன். அந்தக் கிணற்றில் இறங்கின ஐந்து பேரில் மிச்சம் நான் ஒருத்தன். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சண்டை போட்டாவது பேச இனி எனக்கு ஆள் இல்லை.

உன் மகனுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், துக்க வீடு என்பதால் மனசுக்குள்ளேயே. உனக்கு, தைரியம். நீ அழாதே. நான் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழலாம்.

இப்படிக்கு,
சாமித்துரை (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டி வைத்துவிட்டு, காலைத் தபாலில் சேர்ப்பதற்காக ராத்திரி வேணுகோபால் கடையிலேயே படுத்துவிட்டேன். விடிந்து கோவில்பட்டி பஸ் வந்தது. அதில் இருந்து காலமானவர் இறங்கினார்.

ஒரு கையில் பை, மறு கையில் இறங்கினவுடனே சுவரில் இருந்து கிழித்த கண்ணீர் அஞ்சலி. யாரோ படம் பிடித்து அனுப்பி, நேற்றே அது அவன் போனுக்கே போயிருக்கிறது. "ஏலே சாமித்துர! எனக்கு எண்பத்தாறாலே? நீ எனக்கு ஒரு வயசு எளையவன், அப்பம் உனக்கு எண்பத்தஞ்சா?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான். நான் முதலில் அவன் தலையைத்தான் பார்த்தேன். இருந்தது. கழுத்தோடு பொருந்தியும் இருந்தது. ஆனாலும் மருமகள் சொன்னது ஞாபகம் வந்து, "நீ பழைய லிங்கா, புது லிங்கா?" என்று கேட்டேன்.

"என்னலே உளறுத?"

"ஊத்தத் தொறந்தது யாருலே?"

"நாந்தாம்ல!"

பழைய லிங்குதான். புதிதாகச் செய்த எந்த லிங்காலும் அவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்ல முடியாது. அங்கேயே கட்டிக்கொண்டு அழுதோம். போன் ஏன் போகவில்லை என்று கேட்டேன். என் நம்பரை மூன்று வருஷமாகத் தடுத்து வைத்திருக்கிறானாம். அந்தப் பொம்பளை சொன்னது சரிதான்.

வீட்டுக்குக் கூட்டிப் போனால், ஒப்பாரி வைக்க வந்த தெருப் பெண்கள் நடுவில் காளீஸ்வரி காதில் மாட்டினதோடு திகைத்து நிற்கிறாள். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, லைப்ரரின்னா புஸ்தகம் இல்ல. கல்யாண வீட்டுக்கு அண்டா, கரண்டி எல்லாம் ஒரு கடைல வாடகைக்கு எடுப்போம்லா, அந்தக் கட மாதிரி. கம்ப்யூட்டர்ல ஓடுற எல்லா வேலையும் அங்கன வந்துதான் சாமான் எடுக்கும். லிங்குன்னா அந்தக் கடைக்கு வழி காட்டுற பலக. அப்டேட் போட்டதுல கட எடம் மாறிட்டு, பலக பழைய எடத்தயே காட்டுது. கெர்னல்னா கம்ப்யூட்டரோட உசுரு மாமா. ஹெட்டர்னா அந்த உசுருகிட்ட எத எப்படிக் கேக்கணும்னு எழுதி வச்ச குறிப்பு. உசுரு புதுசா வந்துட்டு, குறிப்பு பழசா இருந்துச்சு. ப்ரியதர்ஷினி என்கூட வேல பாக்குத பிள்ள, அவ கம்ப்யூட்டர்ல உள்ள குறிப்ப அனுப்புனா, இதுக்குச் சேரல. சரியானத எறக்கிப் போட்டு, பலகையையும் மாத்தி, நேத்து சாயந்தரமே எல்லாம் உசுரோட ஓடுது." ஒரு பலகை திரும்பி நின்றதற்காக நான் ஒரு மனுஷனைக் கொன்று போஸ்டரும் ஒட்டியிருக்கிறேன்.

வெள்ளைச் சேலையைத் திரும்ப எடுக்க மாட்டேன், கோடியைத் திரும்பத் தொடுவானா எவனாவது என்று சங்கரபாண்டியன் சொல்லிவிட்டான். உன் வீட்டுக்கு அது வரவே கூடாது. லிங்குதான் அதை வாங்கி நடுவில் கிழித்தான். ஆளுக்கு ஒரு வேட்டியாகக் கட்டிக்கொண்டு இப்போது மறுபடியும் வேணுகோபால் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். மேலே சுழி விட்ட இடத்தில் இப்போது போட்டிருக்கிறது, இடம் போதாமல் சாய்ந்து நிற்கிறது.

இனி இந்தக் கடுதாசி எதற்கு என்றேன். ஒட்டினதைப் பிரித்து முழுதையும் தானே படித்த லிங்கு, பெரிய எழுத்தில் இருந்த வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இத அனுப்பியே ஆகணும், அவ படிக்கணும்" என்கிறான். ஆகவே அனுப்புகிறேன், ஆனால் அந்த வரியை நீ உன் கையால் அடித்துவிடு. அது செத்தவனுக்குக் கொடுத்த ஊத்து, உயிரோடு வந்து நிற்கிறவனுக்குக் கிடையாது. வடக்கு மூலைக் குத்து என் குத்து. அவன் இல்லை என்கிறான். வேணுகோபால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாட்சி இல்லாத வழக்க எத்தன வருசம் நடத்துவிய?" என்று கேட்டான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. நாங்கள் ஐந்து பேரும் பாறையில் குனிந்து கிடந்தோம், யார் குத்தில் தண்ணீர் வந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மேட்டில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் தெரியும், கஞ்சிக் கலயத்தோடு நின்று கத்தின ஆளுக்கு. இத்தனை வருஷத்தில் அந்த ஆளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரைப் பார்த்துக் கத்தினாய் என்று மட்டும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பு. நீ சொல்வதற்கு இரண்டு பேரும் கட்டுப்படுகிறோம். அன்றைக்கு அதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்: வெயிலம்மாள்.